கடலும் பள்ளியும் ஒருசேர மூடியபோது: சத்துணவு குறித்த வாசகர் கேள்விகள்

கொரோனா முடக்கக் காலத்தில் பள்ளிச் சத்துணவு உலர் பொருளாக வீடுகளுக்கு வந்து சேர்ந்ததைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடலோர ஊர்களிலிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பலர் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

*கேள்வி: 2020ஆம் ஆண்டில் என் பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். “இலவசத்துக்குக் கையேந்தி நிற்கிறோமே” என்று என் மாமியார் இன்றும் சொல்லி வருந்துகிறார். அது அரசு மனமிரங்கிக் கொடுத்த நிவாரணமா, பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதுதானா? — வாசகி, தங்கச்சிமடம்*

உங்கள் மாமியார் வருந்த வேண்டியதில்லை, அம்மா. அது பிள்ளைகளுக்குச் சட்டப்படி சேர வேண்டிய உணவு. பள்ளியில் தட்டில் விழ வேண்டியது, பள்ளி மூடியிருந்ததால் பையில் வந்தது, அவ்வளவுதான். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பள்ளி விடுமுறை நீங்கலாக, நாள்தோறும் ஒரு வேளை மதிய உணவை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உணவைக் கொடுக்க முடியாமற்போனால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி கொடுக்கப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. எப்படிக் கொடுப்பது என்பதை 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள் விளக்குகின்றன: தானியமோ, சமையல் செலவுக்கான பணமோ, எரிபொருளோ, சமைக்கும் ஆளோ எது இல்லாமற்போயிருந்தாலும் சரி, அந்த நாள்களுக்குரிய தானியத்தையும் சமையல் செலவையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர்த்துவிட வேண்டும்.

தொற்றுநோய்க்காக நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்படும் என்று இந்த விதிகளை எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த வாசகங்கள் நெருக்கடியில் கைகொடுத்தன. 2020 மார்ச் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பள்ளிகள் மூடப்பட்டதால் குழந்தைகளின் மதிய உணவு நின்றுபோகக் கூடாது என்ற அக்கறையோடு தானாக முன்வந்து வழக்கை எடுத்து, எல்லா மாநிலங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டே நாளில் மத்திய அரசு, சமைத்த உணவையோ அதற்கு ஈடான படியையோ கொடுக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஆகவே நீங்கள் வாங்கிய பையின் பின்னால் ஒரு சட்டம், ஒரு விதி, ஒரு நீதிமன்றத்தின் கேள்வி ஆகிய மூன்றும் இருந்தன.

தமிழ்நாட்டில் இதன் வேர் இன்னும் ஆழமானது. காமராசர் 1956இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவும், ஒவ்வொரு குடியிருப்பிலும் ஓர் அடுப்பையும் ஒரு பதிவேட்டையும் உருவாக்கி வைத்திருந்தன. எந்தப் பிள்ளை எந்த மையத்தில் சாப்பிடுகிறது என்ற பட்டியல் முன்பே கையில் இருந்த காரணத்தால்தான், புதிதாகக் கணக்கெடுப்பு எதுவும் நடத்தாமல் பொருளைப் பகிர்ந்தளிக்க முடிந்தது. 

*கேள்வி: நகரங்களில் அம்மா உணவகங்கள் முடக்கக் காலத்திலும் சமைத்துக் கொடுத்தன. எங்கள் ஊர்ப் பள்ளியிலும் அடுப்பு இருந்தது, சமையலர் இருந்தார், அரிசி இருந்தது. பின் ஏன் சமைத்துக் கொடுக்கவில்லை? உலர் பொருளாகக் கொடுத்ததில் பிள்ளைக்கு என்ன குறைந்துவிட்டது? — நாட்டுப்படகு மீனவர், பாம்பன்*

முதல் கேள்விக்கான பதில் எளிது. அம்மா உணவகத்தில் பெரியவர்கள் வந்து வாங்கிச் செல்கிறார்கள். பள்ளியில் சமைத்தால் பிள்ளைகளை நாள்தோறும் ஓரிடத்தில் கூட்ட வேண்டும். நோய் எப்படிப் பரவுகிறது என்பதே தெளிவாகத் தெரியாத அந்த முதல் மாதங்களில் அதற்கு எவரும் துணியவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பெற்றோரை வரவழைத்துக் கொடுப்பது பாதுகாப்பான வழியாகத் தோன்றியது. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. 2020ஆம் ஆண்டு மே மாதத்துக்கென்று தமிழ்நாடு அரசு ஒதுக்கிய அளவு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 3.1 கிலோ அரிசியும் 1.2 கிலோ பருப்பும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 4.65 கிலோ அரிசியும் 1.25 கிலோ பருப்பும். அரிசிக் கணக்கு எப்படி வந்தது என்பதை எளிதில் புரிந்துகொள்ளலாம்: நாளொன்றுக்கு 100 கிராம், மேல் வகுப்புக்கு 150 கிராம், 31 நாளுக்கு. பருப்பு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 39 கிராம் வருகிறது. தேசிய அளவுகோல் 20 கிராம்தான். ஆக, பருப்பில் அரசு கை சுருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

குறைந்தது முட்டை. நம் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை கொடுக்கப்படுகிறது. இந்தியாவில் வேறு பல மாநிலங்களில் ஒன்றுகூட இல்லாத காலத்திலேயே இது வந்துவிட்டது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும், அரிசி பருப்பில் அறவே இல்லாத பி12 உயிர்ச்சத்தும் உண்டு. முட்டை உடையும், கெட்டுப்போகும், மாதக் கணக்கில் வைத்திருக்க முடியாது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் முதல் மாதங்களில் அதற்கு ஈடாகக் கொண்டைக்கடலையோ நிலக்கடலையோ சேர்த்திருக்கலாம் என்பது என் கருத்து. முட்டை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போன பிறகே அந்தப் பேச்சு வேகம் பிடித்தது.

“கடற்கரையில் மீன் இருக்கிறதே, முட்டை எதற்கு?” என்று அப்போது சிலர் கேட்டதுண்டு. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. மீன்பிடிக்கு விலக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் கிடைத்தது. ஏப்ரல் 15இல் விசைப்படகுகளுக்கு ஆண்டுத் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு மட்டும் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்து மே 31இல் முடித்தார்கள் என்றாலும், விசைப்படகில் கூலிக்குப் போகும் குடும்பத்துக்குக் கடல் இரண்டு மாதத்துக்கு மேல் மூடியே கிடந்தது. உங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்கள் பிடித்து வந்த சாளையும் நெத்தலியும் கரையில் இருந்தபோதும், கூலி இல்லாத வீட்டில் அதை வாங்கக் காசு வேண்டுமே.

இன்னொன்றும் குறைந்தது, அது எடையில் தெரியாது. மண்டபம் ஒன்றியத்தில் ஒரு சத்துணவு மையத்தில் பொருள் கொடுப்பதை அப்போது நேரில் பார்த்தேன். வகுப்புவாரியாகத் தாய்மார்களை வரவழைத்திருந்தார்கள். மையத்தின் திண்ணையில் தராசை வைத்து, மூட்டையிலிருந்து முகந்து, மூன்று கிலோவுக்கு மேல் வரும் அந்த நூறு கிராமைச் சிறு கிண்ணத்தால் கூட்டியும் குறைத்தும் சமையல் உதவியாளர் நிறுத்துக் கொடுத்தார். அமைப்பாளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். அரிசிப் பையையும் பருப்புப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்ட ஒரு தாய், “இது பத்து நாளைக்கு வரும்” என்றார். பிள்ளைக்கு 31 நாளுக்கென்று நிறுத்த அரிசி அது. அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக உலை வைக்க எந்தத் தாயாலும் முடியாது, வைக்கவும் கூடாது. அந்த அரிசி குடும்பத்தின் அரிசியாகிவிடுகிறது. வருமானம் நின்ற வீட்டில் குடும்பத்துக்கே அது பெரிய உதவிதான். ஆனால் பள்ளித் தட்டில் பிள்ளைக்கென்று இருந்த பங்கு வீட்டுப் பானையில் கரைந்துபோகிறது. ஆகவே உலர் பொருளாகக் கொடுக்கும்போது, பள்ளியில் கொடுக்கும் அளவைக் காட்டிலும் கூடுதலாகக் கொடுத்தால்தான் பிள்ளைக்குப் பழைய பங்கு கிடைக்கும். திட்டம் தீட்டுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

*கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் தம்பி, அங்கே பள்ளிகள் மூடியிருந்தபோது பள்ளிப் பேருந்திலேயே உணவு வந்தது என்கிறான். பணக்கார நாட்டில் அதற்கு என்ன தேவை வந்தது? நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதேனும் உண்டா? — கீழக்கரை வாசகர்*

உங்கள் தம்பி சொன்னது உண்மை. பணக்கார நாடு என்றாலும் அங்கே நாள்தோறும் ஏறத்தாழ 3 கோடிப் பிள்ளைகள் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் சாப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள். அத்திட்டம் 1946இல் சட்டமானது. பிள்ளைகள் பள்ளியில் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், குறித்த நேரத்தில்தான் பரிமாற வேண்டும், உணவைப் பிள்ளையின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அதில் கண்டிப்பான விதிகள் உண்டு. 2020 மார்ச்சில் அந்த நாட்டு வேளாண்மைத் துறை இவ்விதிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியது. பெற்றோர் வந்து பொட்டலத்தை வாங்கிச் செல்லலாம், ஒரே நேரத்தில் பல நாள் உணவைக் கொடுக்கலாம், பிள்ளையை அழைத்து வரத் தேவையில்லை என்று ஆயிற்று. ஓடாமல் நின்ற பள்ளிப் பேருந்துகளைப் பல ஊர்களில் பழைய தடத்திலேயே ஓட்டி, பிள்ளைகள் ஏறும் நிறுத்தங்களில் உணவுப் பொட்டலங்களைக் கொடுத்தார்கள். பேருந்து எந்தெந்தத் தெருவில் நிற்க வேண்டும், அங்கே எத்தனை பிள்ளைகள் என்பது ஓட்டுநருக்கு மனப்பாடம் அல்லவா!

அதோடு, பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை உணவு பெற்ற பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, இழந்த உணவின் மதிப்பை மளிகைக் கடையில் பயன்படுத்தும் அட்டையில் செலுத்தினார்கள். முதல் கல்வியாண்டில் அது பிள்ளைக்கு நாளொன்றுக்கு 5.70 டாலர். இந்த அட்டை பல மாநிலங்களில் தாமதமாகவே குடும்பங்களின் கைக்கு வந்தது. பள்ளியிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது, முகவரியும் நலத்திட்ட விவரமும் வேறு அலுவலகத்தில் இருந்தன, இரண்டும் ஒன்றோடொன்று பேசவில்லை. உணவைக் கையில் கொடுத்த பள்ளி ஊழியர்கள்தாம் இடைப்பட்ட மாதங்களைத் தாங்கினார்கள். இங்கிலாந்திலும் இதே பாடுதான்: வாரத்துக்கு 15 பவுண்டு மதிப்புள்ள சீட்டுகளைக் கொடுத்தார்கள், கோடை விடுமுறைக்கு அது கிடையாது என்று அரசு சொன்னபோது, கால்பந்து வீரர் மார்க்கஸ் ரேஷ்ஃபோர்டு குரல் எழுப்பியதும் 2020 ஜூனில் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. பிரேசில் வேறு வழியில் சென்றது. பள்ளி உணவுக்காக வாங்கிய பொருள்களைப் பெற்றோரிடம் நேரடியாகக் கொடுக்கலாம் என்று 2020 ஏப்ரலில் சட்டத்தையே திருத்தியது. 

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பேருந்தை அல்ல. அமெரிக்கா, தொற்றுக்காலத்தில் தொடங்கிய அந்த அட்டை முறையைத் தொற்று தணிந்த பின் தூக்கிப் போட்டுவிடவில்லை. 2024ஆம் ஆண்டு முதல் கோடை விடுமுறையில் மாதத்துக்கு 40 டாலர் வீதம் மூன்று மாதத்துக்குப் பிள்ளைக்கு 120 டாலர் என்று அதை நிரந்தரத் திட்டமாக்கியது. எல்லா மாநிலங்களும் சேரவில்லை என்றாலும் சட்டத்தில் அது இடம்பெற்றுவிட்டது. பள்ளி இல்லாத நாளிலும் பிள்ளைக்குப் பசிக்கும் என்பதை ஒரு நாடு சட்டமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் கடலோரத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

*கேள்வி: பொருளாகக் கொடுத்து அலைய விடுவதைக் காட்டிலும் பணமாக வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் ஊழலும் குறையும், அவரவர் விருப்பப்படி வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? — ஆசிரியர், தேவிபட்டினம்*

பிகார் போன்ற சில மாநிலங்கள் பணமாகக் கொடுத்துப் பார்த்தன. மேற்கு வங்கம் அரிசியும் உருளைக்கிழங்கும் கொடுத்தது. கேரளம் மளிகைப் பொருள்களைப் பையாகக் கட்டிக் கொடுத்தது. 2021 மே மாதத்தில் மத்திய அரசே 11.8 கோடிப் பிள்ளைகளுக்கு ஒருமுறை உதவியாக ஏறத்தாழ 1,200 கோடி ரூபாயைக் கணக்கில் செலுத்துவதாக அறிவித்தது. தொகை பெரிதாகத் தெரிகிறது. வகுத்துப் பாருங்கள், ஐயா, பிள்ளைக்கு 100 ரூபாய். அப்போதிருந்த சமையல் செலவு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 4.97 ரூபாய். அரசு மொத்தமாக வாங்கிப் பெரிய அண்டாவில் சமைக்கும்போது போதுமான அந்த ஐந்து ரூபாயை ஒரு தாயின் கையில் கொடுத்தால், சில்லறைக் கடையில் ஒரு முட்டைக்கே ஏறத்தாழ அது தீர்ந்துவிடும்.

பணம் கூடாது என்று நான் கொள்கையாகச் சொல்லவில்லை. தொகை போதுமானதாக இருந்து, கணக்கும் வங்கியும் அருகில் இருந்தால் அது நல்ல வழியே. ஆனால் எல்லாப் போக்குவரத்தும் நின்றிருந்த 2020இல், வங்கி இல்லாத ஒரு கடலோரக் குடியிருப்பிலிருந்து நூறு ரூபாயை எடுக்க ஒரு தாய் எத்தனை கல் தொலைவு போக வேண்டியிருந்திருக்கும் என்பதை உங்கள் ஊரில் இருந்தே நீங்கள் கணக்கிடலாம். ஊழலைப் பற்றிக் கேட்டீர்கள். ஊரறியத் திண்ணையில் நிறுத்துக் கொடுக்கும் பொருளில் எடை குறைந்தால் அதே இடத்தில் பத்துப் பெண்கள் கேட்பார்கள். கணக்கில் ஏறாத பணத்தை யாரிடம் போய்க் கேட்பது?

*கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் படித்தான். எங்களுக்கும்தான் வருமானம் நின்றது. அவனுக்கு ஏன் எதுவும் கொடுக்கவில்லை? — ஏர்வாடி வாசகர்*

சட்டம் அரசுப் பள்ளியையும் அரசு உதவி பெறும் பள்ளியையும் மட்டுமே குறிப்பிடுகிறது. கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் ஏராளமான பிள்ளைகள் மாறினார்கள்; மாறிய பிறகே அவர்களுக்கு இந்த உரிமை வந்தது. நடுவில் விடுபட்ட மாதங்களுக்குக் குடும்ப அட்டையின் வழியாக வந்த விலையில்லா அரிசிதான் துணை. அது போதாது என்ற உங்கள் மனக்குறை நியாயமானதே.

*கேள்வி: நான் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளராக இருக்கிறேன். அந்த ஒன்றரை ஆண்டும் மூட்டை தூக்கியதும் நிறுத்துக் கொடுத்ததும் நாங்கள்தாம். எல்லாரும் அரிசியைப் பற்றிப் பேசுகிறார்கள். எங்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. — தொண்டிப் பகுதி வாசகி*

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, சகோதரி. தமிழ்நாட்டில் பள்ளிகள் 2020 மார்ச் நடுவில் மூடப்பட்டன; ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடியும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அத்தனை காலமும் சமையல் நின்றிருந்தது, வேலை நிற்கவில்லை. சமைப்பது ஒரு திறமை. மாதக் கணக்கில் தங்கிய தானியத்தை வண்டு பிடிக்காமல் காப்பதும், நூறு கிராம் பிசகாமல் நிறுப்பதும், வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்புவதும் வேறு திறமை. முகக்கவசமும் கையுறையும் தட்டுப்பாடாக இருந்த நாள்களில் நூற்றுக்கணக்கான பேருக்கு எதிரே நின்று கொடுத்திருக்கிறீர்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள் சத்துமாவைச் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கொண்டு சேர்த்ததும் இதே போன்ற உழைப்புதான்.

சத்துணவு ஊழியர்களுக்குக் கிடைப்பது இன்றும் சிறப்புக் காலமுறை ஊதியம்; முழுமையான காலமுறை ஊதியமும் சட்டப்படியான ஓய்வூதியமும் கேட்டு உங்கள் சங்கங்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றன. இந்தக் கோரிக்கைக்கு முடக்கக் காலப் பணி வலுவான சான்று. எந்த மாதத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள் என்பது உங்கள் மையப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அப்பதிவேடுகள் பழைய காகிதத்தோடு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: எங்கள் பக்கம் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அதே நேரத்தில் பள்ளிக்கும் கோடை விடுமுறை. கொரோனா ஒருமுறை வந்தது; எங்களுக்கு இது ஆண்டுதோறும் வருகிறது. 2020 மே மாதத்தில் கொடுத்ததைப் போல ஒவ்வொரு மே மாதத்திலும் கொடுக்க முடியாதா? — மண்டபம் வாசகர். இதே பொருளில் இராமேசுவரத்திலிருந்து இருவரும் மூக்கையூரிலிருந்து ஒருவரும்*

வந்த கடிதங்களிலேயே மிக முக்கியமான கேள்வி இது. முடியும் என்பதே என் பதில். ஏன் முடியும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தடைக்காலம் மீன்வளத்துக்குத் தேவை. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் விசைப்படகில் மடி (இழுவலை) இழுத்தால் அடுத்த ஆண்டு கடலில் ஒன்றும் இருக்காது என்பதை மீனவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்த 61 நாளின் பாரம் படகு முதலாளியை விடக் கூலிக்குப் போகிறவர் வீட்டில்தான் அதிகம் இறங்குகிறது. ஐஸ் உடைப்பவர், வலை பின்னுபவர், ஏலக்கூடத்தில் மீன் தரம் பிரிக்கும் பெண்கள் என்று படகில் ஏறாதவர்களின் வருமானமும் சேர்ந்து நிற்கிறது. தடைக்கால நிவாரணத்தொகை 5,000 ரூபாயாக இருந்தது. உங்கள் மண்டபத்திலேயே 2023 ஆகஸ்டில் நடந்த மீனவர் நல மாநாட்டில் அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். நல்ல உயர்வுதான். ஆனால் அது குடும்பத்துக்கு ஒரே தொகை. இரண்டு மாதத்துக்கு வாடகை, வட்டி, மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து வருவது. அதில் பிள்ளையின் மதியச் சோறு என்று தனியாக ஏதும் இல்லை.

மறுபுறம் பாருங்கள். பள்ளிச் சத்துணவு ஆண்டுக்கு ஏறத்தாழ 220 வேலை நாளுக்குத்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு, பள்ளி நாளில் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் காலையும் மதியமும் இரு வேளை உணவு உறுதியாகிவிட்டது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதனாலேயே மே மாதத்துப் பள்ளமும் முன்னைவிட ஆழமாகிவிட்டது: ஏப்ரலில் இரு வேளை பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு மே மாதத்தில் இரு வேளையையும் வீடே கொடுக்க வேண்டும், அதுவும் வருமானம் இல்லாத மாதத்தில். தங்கையோ தம்பியோ அங்கன்வாடிக்குப் போகும் வயதில் இருந்தால், அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 300 நாள் துணை உணவு உண்டு. மூன்றாம் வகுப்பில் படிக்கும் அக்காவுக்கு இல்லை.

விடுமுறையில் உணவு கொடுக்கச் சட்டம் இடம் தராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் விடுமுறையைக் கட்டாயத்திலிருந்துதான் விலக்குகிறது. கொடுக்கக் கூடாது என்று தடுக்கவில்லை. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வறட்சியால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. வறட்சிக்குப் பேர்போன நம் மாவட்டத்துக்கு அந்த ஆணையைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நிலம் காய்வதால் வரும் பசிக்குக் கோடையில் சோறு உண்டென்றால், கடல் மூடுவதால் வரும் பசிக்கும் இருக்க வேண்டும். கடல் எப்போது மூடும் என்பது மழையைப் போல ஐயத்துக்குரியதும் அல்ல. அரசே தேதி குறித்து அறிவிக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். கோடையில் மையத்தைத் திறந்து சமைத்துக் கொடுப்பதே சிறந்தது. முன்னே சொன்ன காரணத்தால், பிள்ளையின் பங்கு பிள்ளைக்கே போகும். வெயிலையும் குடிநீர்த் தட்டுப்பாட்டையும் ஊழியர்களின் விடுப்பையும் காரணம் காட்டி அது முடியாதென்றால், 2020இல் செய்தபடி உலர் பொருளாகக் கொடுக்கலாம். அப்போது மூன்று திருத்தங்கள் வேண்டும். பருப்போடு கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் சேர வேண்டும். அளவு, வீட்டில் பங்கு பிரிவதை எண்ணிக் கூட வேண்டும். விடுமுறை தொடங்குவதற்கு முன் கடைசிப் பள்ளி நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். 2020இல் மே மாதத்துக்குரிய அரிசி மே மாதத்தில் வரவில்லை, ஜூலைக்குப் பிறகே கைக்கு வந்தது. பசித்த மாதம் கடந்த பின் வரும் அரிசி கடனை அடைக்க உதவலாம், அந்த மாதத்துப் பசியைத் தீர்க்காது.

மாவட்டம் முழுவதற்கும் கொடுத்தால் செலவு கூடும் என்பார்கள். கடலோர ஒன்றியங்களில் மட்டும் தொடங்கலாம். மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பிரிப்பதை நான் ஏற்க மாட்டேன். பாசி எடுக்கப் போகும் தாயின் பிள்ளையும், கருவாட்டுக் கொட்டகையில் கூலிக்கு நிற்பவரின் பிள்ளையும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். ஒரே பெஞ்சில் இருக்கும் இருவரில் ஒருவருக்குப் பையைக் கொடுத்து மற்றவரை வெறுங்கையோடு அனுப்புவது சத்துணவுத் திட்டம் இதுவரை செய்யாத காரியம்.

*கேள்வி: இதை யாரிடம், எப்போது கேட்பது? மனு எழுதினால் என்ன எழுத வேண்டும்? — அதே மண்டபம் வாசகர்*

மே 1ஆம் தேதி ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அது தடைக்காலத்தின் நடுவில் வருவதால் கடலுக்குப் போகிறவர்களும் ஊரில் இருப்பார்கள். தீர்மானத்தை அங்கே கொண்டு வாருங்கள். ஆனால் அந்த ஆண்டுக் கோடைக்கு அது பிந்திவிடும். ஆகவே அதற்கு முன்பே, ஜனவரி 26ஆம் தேதிக் கிராம சபையிலும் இதே தீர்மானத்தை நிறைவேற்றி, நகலைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு சேர்த்து, ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் சத்துணவைக் கவனிப்பவர் ஆட்சியரின் நேர்முக உதவியாளர். ஒன்றிய அளவில் வட்டார வளர்ச்சி அலுவலர். இருவருக்கும் நகல் அனுப்புங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். உங்கள் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும், தடைக்காலத் தேதிகளையும், 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணையையும், 2020 மே மாதத்துக்கு அரசே உலர் பொருள் கொடுத்த முன்மாதிரியையும் எழுதுங்கள். எண்ணிக்கையைச் சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். தோராயமாக எழுத வேண்டாம். புயலுக்காகவோ கனமழைக்காகவோ பள்ளி பல நாள் தொடர்ந்து மூடப்பட்டாலும் இதே முறையில் பொருள் கொடுக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பனை நெருங்கி வந்த நாள்கள் உங்களுக்கு மறந்திருக்காது. பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் வாசகர்களும் தத்தம் ஊராட்சியிலிருந்து இதே மனுவைத் தனித்தனியாக அனுப்பினால் நல்லது. உங்களுக்கு வரும் பதிலின் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள். அதை இப்பகுதியிலேயே வெளியிடுகிறேன்.